சூடு இறைத்த கிணறு

வாளியில் வந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

கருத்தப்பாண்டி கையை வெளியே எடுத்துத் துண்டில் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டுப் பார்த்தான். ஐப்பசி மழை ஓயாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் விழுந்து, சுவரோரம் வழிந்து, கரிசல் மண்ணைக் களியாகக் குழப்பிக்கொண்டு அது கிணற்றுக்குள்ளும் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மழைத்தண்ணீர் பிடரியில் விழுந்தால் ஊசி குத்துவதுபோல் இருக்க, கிணற்றுத் தண்ணீர் மட்டும் பிள்ளையைக் குளிப்பாட்ட விளாவி வைத்தது மாதிரி இதமாக இருந்தது. ஆனால் அது இருக்கக்கூடாத சூடு. நாளுக்கு நாள் கிணறு குளிர வேண்டும் என்று மிஷினைப் பூட்டிய மெக்கானிக் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நேற்றைக்கு இருந்ததைவிட இன்றைக்குச் சூடு கூடியிருந்தது.

வாளித் தண்ணீரை ஓரமாகக் கொட்டினான். கொட்டிய இடத்தில் லேசாக ஆவி எழுந்து மழைக்கு அடங்கிப் போயிற்று.

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற பாதையில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அந்தத் தீப்பெட்டி ஆபீஸ். கருத்தப்பாண்டி அங்கே காவல்காரன். காரியாபட்டிப் பக்கம் மழையை நம்பி விதைத்துக் காய்ந்துபோன குடும்பத்திலிருந்து வந்தவன். காவலோடு இப்போது மிஷினைப் பார்த்துக்கொள்கிற வேலையும் சேர்ந்திருந்தது.

மழைக்காலத்தில் தீப்பெட்டி ஆபீஸ் எல்லாவற்றுக்கும் ஒரே பாடுதான். குச்சியின் தலையில் தோய்த்த மருந்து காயாது. வெயில் கிடையாது. நெருப்பு மூட்டிக் காயவைக்கிற சரக்கும் இல்லை அது. அடைமழை பிடித்தால் மருந்து பிசுபிசுத்து, பூத்து, குச்சி செருகிய சட்டம் சட்டமாகக் குப்பையில்தான் போகும். இந்த வருஷம் முதலாளி தங்கச்சாமி தூத்துக்குடியில் மீனுக்கு ஐஸ் போடுகிற கம்பெனியிலிருந்து ஒரு பழைய மிஷினை விலை பேசி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மிஷினோடு சோலைமலை மெக்கானிக்கும் வந்தார்.

"ஐஸ் கம்பெனியில என்ன செய்யுதோம்? தண்ணியில இருக்கிற சூட்டை உறிஞ்சி வெளிய தள்ளிட்டு ஐஸை வச்சுக்கிடுதோம். இங்கன சூட்டை வச்சுக்கிட்டு ஐஸைத் தள்ளிருவோம். அம்புட்டுத்தான் அண்ணாச்சி" என்றார் சோலைமலை.

"பச்சத்தண்ணியில ஏதுய்யா சூடு?" என்றார் முதலாளி.

"இருக்கு. பச்சத்தண்ணியிலயும் இருக்கு, மண்ணுலயும் இருக்கு, செத்த மீனுலயும் இருக்கு. தொட்டா நமக்குத் தெரியாது. மிஷினுக்குத் தெரியும்."

"கமலை கட்டித் தண்ணி எறைக்கிற மாதிரின்னு சொல்லு."

"அதேதான். தண்ணிக்குப் பதிலாச் சூட்டை எறைக்குதோம். கரி வேண்டாம், விறகு வேண்டாம், நெருப்பே வேண்டாம். கொஞ்சம் கரண்டு போதும். நாம அள்ள அள்ள மண்ணு சூடு குடுத்துக்கிட்டே இருக்கும். ஊத்து மாதிரி."

அப்படித்தான் அந்தக் கிணற்றுக்குள் இரும்புக் குழாயைச் சுருள் சுருளாக வளைத்து இறக்கினார்கள். சுருளின் இரண்டு முனைகளும் மேலே வந்து மிஷின் ரூமுக்குள் போயின. மிஷின் ரூமுக்கு அந்தப்பக்கம் சட்டங்கள் அடுக்கிய கொட்டடி. அங்கே இன்னொரு சுருள். அதன் பின்னால் பெரிய காற்றாடி. மிஷின் ஓடினால் கொட்டடிக்குள் சித்திரை மாதம். குச்சித் தலைகள் ஒரு பொழுதில் காய்ந்து, கையில் உரசினால் சரசரவென்றன. சட்டத்தில் குச்சி அடுக்குகிற பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து வாசலில் நின்று முகத்தில் சூடு வாங்கிக்கொண்டு போனார்கள். "கெணத்தையே வெந்நி போடுற கம்பெனிடி நம்ம கம்பெனி" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். கிணற்றின் பக்கம் பார்க்காமல் சிரித்தார்கள்.

அந்தக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுப்பதில்லை. ஆபீஸ் வேறு ஒருத்தர் கையில் இருந்த காலத்தில் மருந்து முக்குகிற கொட்டடி தீப்பிடித்துக்கொண்டது. சேலையில் தீயோடு வெளியே ஓடிவந்த பெண்கள் கண்ணுக்குத் தெரிந்த கிணற்றில் குதித்தார்கள். ஒருத்தி மேல் ஒருத்தி. வெளியே எடுத்தபோது யார் எவள் என்று வளையலை வைத்துத்தான் சொல்ல முடிந்ததாம். கருத்தப்பாண்டி அப்போது இந்த ஊரில் இல்லை. கேட்டதுதான். அந்த ஆபீஸைத்தான் தங்கச்சாமி வாங்கினார். யாருக்கும் உதவாமல் கிடக்கிற கிணறு இதற்காவது உதவட்டும் என்றார்.

கருத்தப்பாண்டிக்கும் அது சரியென்றுதான் பட்டிருந்தது. அவன் பயம் எல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

அவன் பெண்டாட்டி மாடத்தி நாரணாபுரத்தில் தன் அப்பன் வீட்டில் பிள்ளை பெற்றிருந்தாள். பெண் பிள்ளை. தீட்டுக் கழியுமுன்னே மழையில் ஊறி அந்த வீட்டு மண்சுவர் சரிந்து விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பச்சை உடம்புக்காரியும் பச்சைப் பிள்ளையும் படுக்க இடமில்லை. ஆபீஸுக்குள் கொட்டடிச் சுவரை ஒட்டிக் காவல்காரனுக்கு ஒரு அறை உண்டு. முதலாளியிடம் கேட்டு அங்கே கொண்டுவந்து வைத்தான்.

அங்கே நெருப்புக் கூடாது. அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் வாசல் கேட்டுக்கு இந்தப்பக்கம் வரக்கூடாது. கஞ்சி காய்ச்சக்கூட கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் ஓலை இறக்கிய சாய்ப்புக்குத்தான் போக வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில் கணப்புச் சட்டி இல்லாமல் இருப்பது அவர்கள் பக்கம் கேள்விப்படாதது. தாயையும் பிள்ளையையும் வாடைக்காற்றுக்கு விட்டுவிட்டால் போயிற்று. அது அவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. முந்தின பிள்ளை இதே மாதிரி ஒரு மழையில், ஒழுகுகிற கூரைக்குக் கீழே, அவன் மடியிலேயே விறைத்துப்போனது. உதடு முதலில் நீலம் பாரித்தது. பிறகு நகம். அவன் உள்ளங்கையைத் தேய்த்துத் தேய்த்து வைத்துக்கொண்டே இருந்தான். ஒரு நேரத்துக்கு மேல் அவன் கைச் சூடுதான் பிள்ளையின் மேல் இருந்தது. பிள்ளைக்கென்று ஒன்றும் இல்லை.

அதனால் வந்த அன்றைக்கே கொட்டடிச் சுவரில், கட்டில் கால்மாட்டுக்கு நேராக, கடப்பாரையால் நெம்பி நாலைந்து செங்கலை உருவி எடுத்துவிட்டான். காற்றாடி தள்ளுகிற சூடு அந்த ஓட்டை வழியாக அறைக்குள் வந்து விழுந்தது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் கை கால்களை நீட்டிக்கொண்டது. மாடத்தி காதைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, "அம்மாடி" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவன் வெளியே வந்து மழையில் நின்று கொஞ்ச நேரம் அழுதான்.

மாடத்தியின் அக்காள் ராக்காயிதான் ஒத்தாசைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். திருத்தங்கலில் தனியாக இருக்கிறவள். இதே ஆபீஸில் பெட்டி அடைக்கிற வேலை. கழுத்தின் ஒரு பக்கத்திலும் ஒரு கையிலும் வெந்து சுருங்கிய தோல். ஓட்டையைப் பார்த்ததும் முதலில் சிரித்தாள்.

"காவக்காரனே கன்னம் வச்சிருக்கான். மொதலாளி பாத்தா ஒன்னத்தான்யா மொதல்ல கட்டி வைப்பாரு."

"பாத்துட்டாரு மதினி. ஒண்ணும் சொல்லல."

அவள் கையை ஓட்டைக்கு நேராக நீட்டினாள். உடனே இழுத்துக்கொண்டாள்.

"இது என்னய்யா வாடை?"

"மருந்து வாடை."

"இம்புட்டு வருசமா மருந்துலதான கெடக்கேன். இது மருந்து இல்ல." ராக்காயி குரலைத் தாழ்த்தினாள். "இந்தச் சூடு எங்கருந்து வருதுன்னு தெரியுந்தான ஒனக்கு?"

"கெணத்துலருந்து. தெரியாமலா?"

"கெணத்துக்கு ஏதுய்யா சூடு? நான் அன்னைக்கு அந்தப்பக்கம் ஓடல. மணல் குமிச்சுக் கெடந்துச்சு, அதுல விழுந்து பொரண்டேன். அவளுக ஓடுனாளுக. உள்ள விழுந்தப்புறமும் எரியுது எரியுதுன்னு கத்துனாளுக. கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னுக்கிட்டு எரியுதுன்னு கத்துனாளுகய்யா."

கருத்தப்பாண்டி கட்டிலைப் பார்த்தான். பிள்ளையின் கன்னம் சிவந்து, நெற்றியில் பொடி வியர்வை பூத்திருந்தது.

"அப்ப நல்லதுதான மதினி. எரியுறதை எடுத்து விட்டாச்சு."

"எடுத்துட்டா?" என்றாள் ராக்காயி. "அப்புறம் குளிருமே."

அவள் போனபிறகு அந்த வாடை அவனுக்கும் தெரிய ஆரம்பித்தது. ஈரத்தலையை வெயிலில் உலர்த்தும்போது வருகிற வாடைதான் முதலில். அதற்கு அடியில் கசங்கிய நூல்சேலை, மஞ்சள், வேலை முடிந்து பெண்கள் கூட்டமாகக் கேட்டைத் தாண்டும்போது காற்றில் நிற்கிற உடம்பின் மணம். இன்னும் அடியில், மூக்குக்கு எட்டுமுன்னே மனசு திரும்பிக்கொள்கிற ஏதோ ஒன்று, தீய்ந்த முடியைப்போல. மிஷின் ஓடுகிற சத்தம் தரை வழியாகக் கட்டில் காலுக்கு ஏறி, அவன் படுத்திருந்த பாயின் கோரைக்குள் முனகியது. அந்த முனகலுக்கு நடுவே காற்றாடி மூச்சு விடுவதுபோல் ஒரு ஏற்ற இறக்கம் வந்தது. காற்றாடிக்கு அப்படி ஏற்ற இறக்கம் இருக்காது. அவன் எழுந்து போய்ப் பார்த்தான். காற்றாடி ஒரே சீராகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அறைக்குத் திரும்பினால் மறுபடியும் அந்த மூச்சு.

ஒரு மத்தியானம் அவன் உள்ளே வந்தபோது மாடத்தி அரைக் கண்ணில், "அக்கா எங்க போயிட்டா?" என்றாள்.

"இன்னும் வரலையே."

"இப்பத்தான் கால்மாட்டுல உக்காந்திருந்தா. தலையெல்லாம் நனைஞ்சுபோயி. தொவட்டுக்கான்னேன், பேசாம இருந்தா."

கால்மாட்டில், ஓட்டைக்குக் கீழே, தரை நனைந்திருந்தது. மேலே அண்ணாந்து பார்த்தான். கூரை ஒழுகவில்லை. சாக்கைப் போட்டுத் துடைத்தான். துடைத்த ஈரம் கையில் சுட்டது.

வார முடிவில் சோலைமலை மெக்கானிக் வந்தார். கருத்தப்பாண்டி தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதைச் சொன்னதும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வாளியை இறக்கினார். மேலே வந்ததும் கையை விட்டார். "யப்பா" என்று உதறினார்.

"வெதுவெதுப்பா இருக்குன்னு சொன்னவன் யாருலே? வெரலு ஒடஞ்சு விழுந்துரும் போல இருக்கு."

கருத்தப்பாண்டியும் விட்டுப் பார்த்தான். தண்ணீர் எலும்பைக் கடித்தது. காலையில்கூட அப்படி இல்லை.

எட்டிப் பார்த்தார்கள். தண்ணீருக்குள் சுருள் தெரியவில்லை. சுருள் இருக்கும் இடத்தில் வெள்ளையாக, கல் உப்பைக் குமித்ததுபோல, ஐஸ் பிடித்திருந்தது.

"இருந்ததை எல்லாம் எடுத்தாச்சு" என்றார் மெக்கானிக். "ஒரு தப்பும் இல்ல, இப்படித்தான் ஆகும். நாலு நாளு நிப்பாட்டிப் போட்டா மண்ணு மறுபடி சூடு குடுத்துரும். பிடிவாதமா ஓட்டுனா எறைக்க அங்க ஒண்ணும் இருக்காது. இல்லாத எடத்துல மேல மேல அள்ளக்கூடாதுய்யா."

முதலாளி ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. கொட்டடியில் இருந்த சரக்கு காய்ந்துவிட்டது. மத்தியானமே லாரி வந்து திருத்தங்கல் ஸ்டேஷனுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிற்று. "பாண்டி, நாங்க போனதும் மிஷினை நிப்பாட்டிரு. நாலு நாளு எல்லாத்துக்கும் லீவு" என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். மெக்கானிக் பஸ்ஸுக்குப் போனார். பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கூட்டமாகக் கலைந்தார்கள்.

ராக்காயி மட்டும் போகவில்லை. "கெளப்புய்யா ரெண்டு பேரையும். என் வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம்" என்றாள்.

"ஒங்க வீடு ஒழுகுதுன்னு நீங்கதான சொன்னீக."

"ஒழுகுனா சட்டியை வச்சுக்கிடுவோம். கணப்புப் போடலாம். நெருப்புச் சூடுய்யா அது. நமக்குத் தெரிஞ்ச சூடு."

"இந்த மழையில பிள்ளையத் திருத்தங்கல் வரைக்குமா? போய்ச் சேருமுன்ன..." மிச்சம் அவளுக்கும் தெரியும்.

"சரி, மழை கொஞ்சம் விடட்டும். நான் சாய்ப்புல கஞ்சி வச்சுட்டு வாரேன். வந்ததும் கெளம்புதோம். நீ அந்த எழவ நிப்பாட்டு மொதல்ல." கேட்டைத் தாண்டிப் போனாள்.

அவன் மிஷின் ரூமுக்குள் போனான். இரும்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டை வார் படபடவென்று அடித்தது. மிஷினுக்குள் ஓடும் நவச்சார வாயுவின் நெடி மூக்கை அறுத்தது. சுவரில் சுவிட்சுப் பிடி. அதில் கையை வைத்தான். இழுத்தால் போதும். இழுத்தால் காற்றாடி நிற்கும். ஓட்டை வழியாக வருகிற சூடு நிற்கும். மழை நிற்கவில்லை. வெளியே வாடை ஏறிக்கொண்டிருந்தது. அவன் வேட்டி நுனி காலோடு ஒட்டி நடுங்கியது. ராக்காயி கஞ்சி வைத்து வருகிற வரைக்கும் பிள்ளை அந்த அறையில் என்ன செய்யும்?

வரட்டும். கிளம்புகிற நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

கையை எடுத்துக்கொண்டான்.

பொழுது இருட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலம்தான், ஆனால் மேகம் தகரத்தில் இடிக்கிற மாதிரி இறங்கியிருந்தது. மிஷினின் சத்தம் மாறியது. பாரம் ஏற்றிய மாடு மேட்டில் திணறுவதுபோல் இழுத்து இழுத்து ஓடியது. இல்லாததைப் பிடித்து இழுப்பதுபோல்.

கிணற்றுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. கண்ணாடி வளையல் நொறுங்குகிற சத்தம். ஒன்று, பிறகு கை நிறைய.

போய்ப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே போனான். கிணற்று மேட்டில் கால் வழுக்கியது. மழை விழுந்த கல் மேல் கண்ணாடி போல் ஒரு தகடு படிந்திருந்தது. எட்டிப் பார்த்தான். தண்ணீர் இல்லை. தண்ணீர் இருந்த இடத்தில் வெள்ளை மூடி. மழை அதன் மேல் கல்லில் விழுவதுபோல் தெறித்தது. மூடியின் நடுவில் ஒரு ஓட்டை. விளிம்புகள் மேல் நோக்கி உடைந்திருந்தன. அடியிலிருந்து தள்ளி உடைத்ததுபோல்.

கிணற்றுச் சுவரில் இறங்குவதற்கு நீட்டிவிட்ட படிக்கற்கள் உண்டு. ஒவ்வொரு கல்லிலும் ஈரத்தின் மேல் வெள்ளை பூத்திருந்தது. பாதத்தின் வடிவம். விரல் பிரிந்து, குதிகால் அழுந்தி. கீழ்ப் படியில். அதற்கு மேல் படியில். மேட்டில்.

களிமண்ணில் இறங்கியிருந்தன. ஒரு ஆள் அல்ல. நிறைய. சிறிய பாதங்கள், பெண்களின் பாதங்கள். ஒவ்வொரு குழியிலும் தேங்கிய மழைத்தண்ணீர் இறுகிப்போயிருந்தது.

கொட்டடியைப் பார்த்துப் போயிருந்தன.

அவன் ஓடினான். கொட்டடிக் கதவு திறந்து கிடந்தது. காலிச் சட்டங்கள் வரிசையாக நின்றன. ஒரு பல்பு மங்கிச் சிவந்து எரிந்தது. காற்றாடி சுற்றியது. அது தள்ளுகிற காற்றில் சூடு இல்லை. சுவரின் ஓட்டைக்குள் யாரோ உறிஞ்சுவதுபோல் காற்று இழுபட்டுக்கொண்டு போயிற்று. தரையில் கிடந்த குச்சித் தூசி ஊர்ந்து ஊர்ந்து அந்தப் பக்கம் நகர்ந்தது. ஓட்டையின் செங்கல் விளிம்பு முழுக்க வெள்ளை படிந்திருந்தது. ஓட்டை பெரிதாகியிருந்தது. உருவிய செங்கற்கள் ஒழுங்காக ஓரத்தில் அடுக்கியிருந்தன. வேலை தெரிந்தவர்கள் அடுக்கியதுபோல்.

பல்பு அணைந்தது.

கரண்டு போய்விட்டது. சக்கரம் தேய்ந்து தேய்ந்து நின்றது. இத்தனை நாளும் தரைக்குள் இருந்த முனகல் ஓய்ந்தது. தகரத்தில் மழை மட்டும். பிறகு, மழைக்கு அடியில், ஓட்டைக்கு அந்தப்பக்கம்.

பல்லோடு பல் அடிக்கிற சத்தம்.

ஒரு வாய் அல்ல.

"மாடத்தி."

பல் அடிக்கிற சத்தம் நின்றது. யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல். திரும்பவும் தொடங்கியது. கூடவே உள்ளங்கையை உள்ளங்கையில் தேய்க்கிற சத்தம். வறட் வறட்டென்று. நிறையக் கைகள்.

கேட்டுப் பக்கமிருந்து ராக்காயி கூப்பிட்டாள். "பாண்டி. கதவு ஏன்யா தொறக்க மாட்டேங்குது? இரும்பு கையில ஒட்டுது. பாண்டி."

அவன் சுவரைத் தடவிக்கொண்டு அறை வாசலுக்கு வந்தான். தாழ்ப்பாள் கையில் ஒட்டிக்கொண்டது. இழுத்தான். தோல் உரிந்து வந்தது. வலி இல்லை.

உள்ளே இருட்டு. அந்த வாடை. சூடு இல்லாத வாடை. ஈரம் மட்டும்.

ஜன்னல் திண்டில், வெளியே கொண்டுபோய் உரசிப் பதம் பார்க்க எடுத்துவைத்த தீப்பெட்டி ஒன்று இருந்தது. கேட்டுக்கு இந்தப்பக்கம் அவன் ஒரு நாளும் குச்சி உரசியதில்லை. யாரும் உரசியதில்லை. தடவி எடுத்தான். விரல் மடங்கவில்லை. முதல் குச்சி விழுந்தது. இரண்டாவதை உரசினான்.

பிடித்தது.

கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தோளோடு தோள் இடித்து, குந்தி உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு. சேலை என்று ஒன்றும் இல்லை. உடம்பெல்லாம் கரி. கரியின் மேல் வெள்ளையாகப் பனி. முடி இருந்தவர்களுக்கு முடி விறைத்து நின்றது. வெளிச்சம் பட்டதும் எல்லா முகங்களும் திரும்பி நெருப்பைப் பார்த்தன. கொஞ்ச நேரம்தான். பிறகு, அதில் ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டதுபோல், எல்லாம் கட்டிலுக்கே திரும்பின.

கட்டிலில் பிள்ளை மட்டும் கிடந்தது. துணியை விலக்கிப் போட்டிருந்தார்கள். அதன் மேல், தொடாமல், ஒரு சாண் உயரத்தில், கைகள். உள்ளங்கை கீழே பார்க்க. மார்கழியில் கணப்புச் சட்டியைச் சுற்றி நீட்டுகிற மாதிரி. நடுங்கிக்கொண்டு. ஒருத்தி கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, மறுபடியும் நீட்டினாள். பிள்ளையின் உதட்டில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது. நெஞ்சு இன்னும் அசைந்தது. மெல்ல.

குச்சி அடிவரைக்கும் எரிந்து விரலைத் தொட்டது. சுடவில்லை.

அந்தக் கடைசி வெளிச்சத்தில், அவர்களுக்கு நடுவே மாடத்தியைப் பார்த்தான். கட்டிலுக்குக் கீழே குந்தி உட்கார்ந்திருந்தாள். கண்ணிமையில் வெள்ளை பூத்திருந்தது. அவள் இரண்டு கைகளும் பிள்ளைக்கு மேலே நீண்டிருந்தன. தலையைத் திருப்பி, சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரலில், அவனைக் கூப்பிட்டாள்.

"வாங்க. இன்னும் கொஞ்சம் இருக்கு."

பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.